போதை நோயும் மருந்தும் குடும்பத்தின் கடமையும்

இலண்டன் மாநகரின் எந்தக் கடைத்தெருவிலும் காலை வேளையில் ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தால் ஒரு காட்சியைக் காணலாம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் குளிசை வாங்க வந்த முதியோர் கதிரைகளில் அமர்ந்திருப்பர். ஓர் ஓரமாக, எவர் முகத்தையும் பாராமல் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். மருந்தாளர் அவரை அழைத்து, சிறு கிண்ணத்தில் பச்சை நிறத் திரவமொன்றை அளந்து கொடுப்பார். அவர் அதனை அங்கேயே குடித்து, மேலே சிறிது தண்ணீரும் குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்தத் திரவத்தின் பெயர் மெதடோன். ஹெரோயின் போன்ற அபின் வகைப் போதைவஸ்துக்களுக்கு அடிமைப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்து அது.

அவர் வெளியே போனதும் கதிரைகளில் இருப்போர் பேசும் பேச்சு ஏறக்குறைய எங்கும் ஒன்றேதான். "அரசாங்கமே போதையைக் குடுத்து வளர்க்குது" என்பார் ஒருவர். "ஒண்டை விட்டு இன்னொண்டைப் பிடிக்கிறாங்கள், திருந்திற நோக்கமில்லை" என்பார் மற்றவர்.

இந்தப் பேச்சு தவறானது. தவறானது என்பதோடு நில்லாது, உயிரையும் வாங்கக்கூடியது. அந்த ஓரத்தில் நிற்பவர் எப்பொழுதும் அந்நியர் வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார் என்பதற்கு எவரிடமும் உத்தரவாதம் இல்லை. இலண்டனில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இந்நகரத்தின் பள்ளிகளில் படித்து, இந்நகரத்தின் தெருக்களில் நடமாடுபவர்கள். இந்நகரத்தின் நோய்கள் மாத்திரம் அவர்களை விட்டு விலகி நிற்கும் என எண்ணுவது பேதைமை.

இலண்டனின் பழைய கதை

அபின் இந்நகரத்துக்குப் புதியதன்று. 1804ஆம் ஆண்டில் தோமஸ் டி குவின்சி என்னும் இளைஞர், முகத்திலும் தலையிலும் எழுந்த வலி பொறுக்கமாட்டாமல் ஒக்ஸ்போர்ட் வீதியில் ஒரு மருந்துக்கடையில் அபின் கரைசல் வாங்கினார். அது அவரை ஆயுள் முழுவதும் பற்றிக்கொண்டது. தம் அனுபவத்தை 1821இல் அவர் எழுதி வெளியிட்டது ஆங்கில இலக்கியம் பயின்றோர் அறிந்ததே.

1874இல் பாடிங்டனிலுள்ள சென் மேரிஸ் வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியில் அல்டர் றைட் என்னும் இரசாயனவியலாளர் மோர்பினிலிருந்து ஒரு புதுப் பொருளை ஆக்கினார். 1898இல் ஜேர்மனியின் பேயர் கம்பனி அதே பொருளை "ஹெரோயின்" என்று பெயரிட்டு இருமலுக்கு மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆகவே ஹெரோயின் முதன்முதல் பிறந்த ஊர் இலண்டனே ஆகும். இந்தியாவில் விளைந்த அபினைச் சீனத்துச் சந்தைக்கென ஆக்கி விற்றுப் பொருள் குவித்த கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகமும் இங்கேதான் இருந்தது. இந்த நோய் ஏதோ ஒரு சாதிக்கோ, நிறத்துக்கோ உரியது என்ற எண்ணத்துக்குச் சரித்திரம் இடந்தரவில்லை.

இந்த நோயாளரை என்ன செய்வது என்ற வாதமும் இங்கு நூறாண்டு பழமையுடையது. 1926இல் சேர் ஹம்ப்ரி றொலஸ்ரன் தலைமையிலான குழு ஒரு தீர்ப்பைச் சொல்லிற்று. அடிமைப்பட்டவரை நோயாளியாகவே கருதவேண்டும் என்பதும், முற்றாக நிறுத்த இயலாதவருக்கு வைத்தியர் அளவறிந்து தொடர்ந்து மருந்து கொடுப்பது முறையான வைத்தியமே என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அன்று நோயாளரின் தொகை மிகச் சிறிது. 1960களில் இளைஞரிடையே பழக்கம் பரவியது. சில வைத்தியர்கள் கணக்கின்றி எழுதிக் கொடுத்தனர். மறுநாளைய மருந்துச் சீட்டு நள்ளிரவு 12 மணிக்குச் செல்லுபடியாகும் என்பதால், பிக்காடிலியிலுள்ள பூட்ஸ் மருந்துக்கடையில் அந்நேரத்தில் கூட்டம் காத்துநின்றது. இரசல் பிரெயின் பிரபுவின் குழு 1965இல் இதனைக் கண்டித்தது. 1968 முதல் வைத்தியசாலைகளைச் சார்ந்த தனிச் சிகிச்சை நிலையங்கள் இலண்டனில் திறக்கப்பட்டன.

ஏறத்தாழ அதே காலத்தில் நியூயோர்க்கில் வின்சன்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் இரு வைத்தியர்கள் மெதடோனை நாள்தோறும் வாய்வழியாகக் கொடுத்து, ஹெரோயினில் உழன்றவர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பியதை 1965இல் எழுதி வெளியிட்டனர். 1970களில் இலண்டன் நிலையங்களும் படிப்படியாக அந்த வழிக்கு மாறின.

பின்னர் எயிட்ஸ் வந்தது. 1986இல் எடின்பரோ நகரின் ஒரு குடும்ப வைத்திய நிலையத்தில், ஊசி ஏற்றிய நோயாளரைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. கிருமி இருக்கக் காணப்பட்டது. அதே 1986இல் சென்னையில் டொக்டர் சுனிதி சொலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக அக்கிருமியைக் கண்டறிந்தனர் என்பதும் நினைவுகூரத்தக்கது. போதைவஸ்துப் பாவனையைவிட இக்கிருமியின் பரவலே பெரிய ஆபத்து என 1988இல் பிரித்தானிய அரசின் ஆலோசனைச் சபை அறிவித்தது. ஊசியைக் கைவிடச் செய்யும் வாய்வழி மருந்துக்கு அன்றிலிருந்து முன்னையிலும் மதிப்புக் கூடிற்று.

நோய் எது, மருந்து எது

அபின், மோர்பின், ஹெரோயின், கோடீன் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூளையில் வலியையும் மூச்சையும் ஆளுகின்ற சில இடங்களில் இவை சென்று பொருந்துகின்றன. நாளடைவில் உடம்பு இவற்றுக்குப் பழகிவிடுகிறது. நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாது. கிடைக்காத நாளில் கொட்டாவியும் மூக்கொழுகலும் தொடங்கி, வயிற்றுளைவு, வாந்தி, பேதி, உறக்கமின்மை என்று உடம்பு பதறுகிறது. அந்நிலையில் ஒருவர் போதையின் இன்பத்தை நாடி ஓடுவதில்லை. அந்த வேதனைக்கு அஞ்சியே ஓடுகிறார். ஹெரோயினின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிடுவதால் அவருடைய நாள் முழுவதும் அடுத்த வேளைக்கான பணத்தைத் தேடுவதிலேயே கழிகிறது. வேலை போவதும், வீட்டில் நகை காணாமற் போவதும், பொய் பெருகுவதும் இதனாலேயே.

மெதடோன் அதே இடங்களில் மெதுவாகச் சென்று பொருந்தி, ஒரு நாளுக்கு மேல் நிலைத்து நிற்கும். சரியான அளவில் ஒருமுறை குடித்தால் வேதனையும் இல்லை, மயக்கமும் இல்லை. காலையில் குடித்துவிட்டு வேலைக்குப் போகலாம். மற்ற மருந்து புப்ரநோர்பின். இங்கிலாந்தின் ஹல் நகரில் றெக்கிற் அன்ட் கோல்மன் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1960களில் உருவாகி, போதை நோய்க்கான மருந்தாக 1999இல் இந்நாட்டில் அனுமதி பெற்றது. நாக்கின் கீழ் வைத்துக் கரைக்கும் குளிசை இது. மூளையில் அவ்விடங்களை இறுகப் பற்றிக்கொள்வதால் மேலே ஹெரோயின் எடுத்தாலும் அது எடுபடுவது குறைவு. ஓர் எல்லைக்கு மேல் இதன் வேகம் ஏறுவதில்லையாதலால், தனியாக எடுக்கும்போது மூச்சை அடக்கும் ஆபத்தும் மெதடோனிலும் குறைவு. வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியாகவும் இது இப்பொழுது கிடைக்கிறது.

"ஒன்றை விட்டு இன்னொன்று" என்னும் வாதத்துக்கு விடை இதில் அடங்கியிருக்கிறது. மருந்தில் தங்கியிருத்தல் வேறு, அடிமைப்பட்டுச் சீரழிதல் வேறு. நாளுக்கொரு வேளை மருந்தை அளவோடு குடித்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருபவர் மருந்தில் தங்கியிருக்கிறார் என்பது உண்மை. தைரொயிட் குளிசையில் தங்கியிருக்கும் தாய்மாரும் அவ்வாறே. அவர்களை எவரும் திருந்தச் சொல்வதில்லை.

பயனுக்குச் சான்று

உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சைக்குப் பொதுப்பணம் செலவிடத் தகும் என்று ஆராயும் "நைஸ்" நிறுவனம் 2007இல் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பல நாடுகளில் ஒரு இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் விவரங்களைத் திரட்டி 2017இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஆய்வு மிகவும் கவனிக்கற்பாலது. ஆயிரம் பேரை ஓராண்டு கணக்கிற் கொண்டால், மெதடோன் சிகிச்சையில் இருக்கையில் இறந்தவர் சுமார் 11 பேர். சிகிச்சையை விட்டு நீங்கிய காலத்தில் 36 பேர். புப்ரநோர்பினில் இருக்கையில் சுமார் 4 பேர். விட்ட காலத்தில் 9 அல்லது 10 பேர். சிகிச்சையில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு பெரியது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2023இல் பதிவான போதைவஸ்து நச்சு மரணங்கள் 5,448. அவற்றில் ஏறத்தாழப் பாதியில் அபின் வகைப் பொருள் சம்பந்தப்பட்டிருந்தது. அண்மைக் காலத்தில் ஹெரோயினிலும் பலமடங்கு கொடிய "நிற்றசீன்" என்னும் செயற்கைப் பொருட்கள் கலப்படமாக இந்நகரத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. தெருவில் வாங்குபவர் தாம் வாங்குவது என்னவென்று அறியார். மருந்தாளர் அளந்து கொடுக்கும் திரவத்தில் இருப்பது என்ன, எவ்வளவு என்பது எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வேறுபாடே பல உயிர்களின் விலை.

மறைக்கக்கூடாத ஆபத்துக்கள்

ஆயினும் நன்மையை மாத்திரம் சொல்லிவிட்டுத் தீமையை மறைப்பது நேர்மையாகாது. மெதடோன் வலிமை மிக்க மருந்து. தொடங்கிய முதல் இரண்டு வாரங்களிலேயே ஆபத்து அதிகம். அது உடம்பில் நாளுக்கு நாள் சேர்ந்து வருவதால், முதல் நாள் பொறுத்த அளவு நான்காம் நாள் மூச்சை அடக்கிவிடக்கூடும். இதனாலேயே வைத்தியர்கள் சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துகின்றனர். முதல் மூன்று மாதமாவது மருந்தாளர் கண்முன் குடிக்கவேண்டும் என்னும் ஏற்பாட்டின் நோக்கமும் பாதுகாப்பே. அதனை அவமானமாகக் கொள்ளவேண்டியதில்லை. மதுபானமோ, உறக்கக் குளிசையோ, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரெகபலினோ இதனுடன் சேர்ந்தால் ஆபத்துப் பலமடங்காகும்.

தொடர்ந்து மூன்று நாள் மருந்தைத் தவறவிட்டவர் நான்காம் நாள் பழைய அளவைக் குடிக்கலாகாது. உடம்பின் பழக்கம் அதற்குள் தளரத் தொடங்கிவிடும். அதனால் மருந்தாளர் கொடுக்க மறுத்து வைத்தியரிடம் அனுப்புவார். அந்த மறுப்பும் காப்பேயாகும். பெரிய அளவில் மெதடோன் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடுமாதலால் அத்தகையோருக்கு ஈ.சி.ஜி. பரிசோதனை தேவை. மலச்சிக்கலும் வியர்வையும் பலருக்கு உண்டு. வாகனம் ஓட்டுபவர் சாரதிப் பத்திர அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டியது சட்டக் கடமை. வாடகைக் காரும் விநியோக வண்டியும் ஓட்டிப் பிழைப்போர் இதனைச் சிகிச்சை நிலையத்தில் முன்கூட்டியே பேசித் தெளிவுபெறுதல் நன்று.

புப்ரநோர்பினுக்கும் ஒரு நியதி உண்டு. உடம்பில் ஹெரோயின் நிறைந்திருக்கும்போது இதனை எடுத்தால், அது ஹெரோயினைத் தள்ளிவிட்டு இடம் பிடிப்பதால் கடும் வேதனை ஒரேயடியாகத் தோன்றும். வேதனையின் முதல் அறிகுறிகள் வரும்வரை காத்திருந்தே தொடங்கவேண்டும். மேற்பார்வை இல்லாத இடத்தில் இம்மருந்தே தீமையாவதும் உண்டு. 1990களில் சென்னைத் தெருக்களில் ஹெரோயினுக்குப் பதிலாகப் புப்ரநோர்பினை ஊசியாக ஏற்றிக்கொண்டவர் பலர். அதே மருந்தைத்தான் பின்னர் இந்தியாவின் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் நாக்கின் கீழ் வைக்கும் குளிசையாக, மேற்பார்வையில் கொடுக்கலாயிற்று. மருந்து ஒன்றே. கொடுக்கும் முறையே அதனை மருந்தாகவோ நஞ்சாகவோ ஆக்குகிறது.

வீட்டைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பச்சைத் திரவத்தின் ஒரு வாய் சிறு குழந்தையைக் கொல்லப் போதும். வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி பெற்றவர் அதனைப் பூட்டுள்ள பெட்டியில் வைக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் பழரசத்துக்கு அருகிலோ, அலுமாரித் தட்டிலோ வைக்கலாகாது. மறைத்து வாழவேண்டிய வீட்டில்தான் மருந்து கட்டிலின் கீழும் பையினுள்ளும் ஒளித்து வைக்கப்படுகிறது. வெட்கம் குழந்தைக்கும் ஆபத்தாவது இவ்விடத்திலேயாகும்.

ஊருக்கு அனுப்பினால் தீருமா?

இத்தனை ஆபத்துக்களிலும் பெரியது மருந்தைத் திடீரென நிறுத்துவது. அதனைச் செய்விப்பது பெரும்பாலும் பெற்றோரின் அன்பே என்பது இந்த நோயின் கொடுமை.

ஹரோவிலோ ஈஸ்ற்ஹாமிலோ ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். இருபத்தாறு வயது மகன். ஹெரோயினில் இரண்டு ஆண்டுகள் சீரழிந்தபின், வீட்டாருக்குத் தெரியாமல் சிகிச்சை நிலையத்துக்குப் போய், நாளுக்கு 70 மில்லிலீற்றர் மெதடோனில் நிலைபெற்றுவிட்டான். ஐந்து மாதமாகத் தெருவில் எதுவும் வாங்கவில்லை. ஒரு பண்டகசாலையில் வேலையும் கிடைத்துவிட்டது. ஒருநாள் தாய் அறையைக் கூட்டும்போது பச்சைப் போத்தலைக் காண்கிறாள். அன்றிரவு வீட்டில் அழுகையும் சத்தமும். "இந்தச் சனியனை இண்டைக்கே நிப்பாட்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போ. அம்மம்மாவோடை மூண்டு மாதம் நில். எல்லாம் சரிவரும்" என்கிறார் தகப்பன். மகனும் தாயின் கண்ணீரைப் பார்த்து இணங்குகிறான்.

யாழ்ப்பாணத்தில் முதல் இரண்டு வாரம் நரகம். பாட்டி கஞ்சி கொடுத்துத் தேற்றுகிறாள். பின்னர் உடம்பு தேறி, முகம் பொலிந்து, தேருக்கு வேட்டியோடு நின்ற படம் இலண்டனுக்கு வருகிறது. குடும்பம் அர்ச்சனை செய்கிறது. கார்த்திகையில் திரும்பி வந்தவனை ஒரு மாலை பழைய நண்பன் சந்திக்கிறான். ஒரே ஒருமுறைதானே என்று, முன்பு எடுத்த அதே அளவை எடுக்கிறான். மனத்துக்கு அந்த அளவு ஞாபகம் இருக்கிறது; உடம்போ அதனைத் தாங்கும் பழக்கத்தை மூன்று மாதத்தில் இழந்துவிட்டது. காலையில் தாய் கதவைத் தட்டுகிறாள். திறப்பாரில்லை.

இக்குடும்பம் கற்பனை. அதன் ஒவ்வொரு படியும் வைத்தியர்கள் நாள்தோறும் எச்சரிப்பது. சிகிச்சையை விட்ட முதல் நான்கு வாரங்களிலேயே மரண விகிதம் மிக உயர்ந்திருந்ததை மேற்சொன்ன ஆய்வும் காட்டிற்று. சிறையிலிருந்து வெளிவரும் முதல் வாரங்களும் அவ்வாறே. கொல்வது இழந்துபோன பழக்கம். திருந்திவிட்டான் என்று குடும்பம் நம்பும் நாளே அவனுக்கு ஆபத்து மிகுந்த நாள்.

அன்றியும், ஊர் என்பது ஹெரோயின் இல்லாத இடம் என்ற நம்பிக்கையும் இன்று பொருந்தாது. போதைவஸ்து வடமாகாணத்து இளைஞரை வாட்டும் செய்தியைத் தாயகப் பத்திரிகைகளில் படியாதவர் இல்லை. கட்டாய நிலையங்களில் விட்டுவிடலாம் என எண்ணுவோர், 2022 ஜூன் மாதம் பொலனறுவை மாவட்டத்துக் கந்தகாடு நிலையத்தில் ஒருவர் இறந்து, கலகம் மூண்டு, பல நூறு பேர் தப்பியோடிய செய்தியை நினைவிற் கொள்வது நலம். ஊருக்குப் போகத்தான் வேண்டுமெனில், பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே சிகிச்சை நிலையத்துக்குச் சொல்லி, வைத்தியரின் கடிதமும், போகும் நாட்டின் அனுமதி பற்றிய தெளிவும் பெற்ற பின்னரே புறப்படவேண்டும்.

மருந்தை ஒருபோதும் நிறுத்தக்கூடாதா என்று கேட்கலாம். நிறுத்தலாம், நிறுத்தி நலமாக வாழ்வோரும் உளர். ஆனால் அதனை முடிவுசெய்ய வேண்டியவர் நோயாளர். காலத்தைக் குறிக்க உதவவேண்டியவர் வைத்தியர். வேலை, வீடு, நல்ல துணை ஆகியன உறுதிப்பட்ட பின், மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்து, நிறுத்திய பின்னும் தொடர்ந்து பார்த்துவருவதே முறை. கர்ப்பிணிகள் திடீரென நிறுத்துவது சிசுவுக்கும் ஆபத்து. மருந்து மாத்திரம் போதாது என்பதும் மெய்யே. பேசித் தேற்றும் துணையும் தொழிலும் இல்லாமல் கிண்ணத்தை மாத்திரம் நீட்டும் சிகிச்சை குறைபாடுடையது. இங்கிலாந்தின் சிகிச்சைச் சேவைகள் நிதியின்றி நலிந்துள்ளன என்பதை டேம் கரொல் பிளக் அம்மையாரின் அறிக்கை 2021இல் எடுத்துக்காட்டிற்று. சிகிச்சையைக் குறைகூறுவோர் அதனை மேம்படுத்தக் கேட்கட்டும்; கைவிடச் சொல்லவேண்டாம்.

முதியோர் வீட்டு அலுமாரி

இது இளைஞரின் பிரச்சினை மாத்திரமன்று. முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் கொடுக்கப்படும் கோ-கோடமோல், டிரமடோல் என்பனவும் அபின் வகையைச் சேர்ந்தனவே. சீட்டின்றி வாங்கக்கூடிய கோடீன் குளிசைப் பெட்டிகளில், பழக்கமாகிவிடக்கூடும் என்பதும் மூன்று நாளுக்கு மேல் பாவிக்கலாகாது என்பதும் 2009இலிருந்து அச்சிடப்படுகின்றன. ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத முதியோர் அதனை எவ்வாறு அறிவர்? "பனடோல் போலத்தானே" என்று ஆண்டுக்கணக்கில் எடுத்துவிட்டு, ஒருநாள் இல்லாதபோது உடம்பு பதறுவதை வாதமென்றும் காய்ச்சலென்றும் எண்ணுவர். கோடீன் கலந்த இருமல் மருந்து 2024இல் வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாததாக மாற்றப்பட்டது. பெற்றோரின் குளிசைப் பெட்டியை ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. பழக்கமாகிவிட்டதெனத் தெரிந்தால் வெட்கப்பட எதுவுமில்லை. திடீரென நிறுத்தவும் வேண்டாம். குடும்ப வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கலாம்.

துணை நிற்பவர்

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். பழிக்கவேண்டிய இடத்தில் பழக்கத்தைப் பழித்த வள்ளுவர், நோயென்று வந்தபோது வைத்தியத்தை நான்கு பகுதியாக வகுத்து அந்த அதிகாரத்தை முடிக்கிறார். நோயாளர், வைத்தியர், மருந்து, அருகிலிருந்து பணிசெய்பவர் என்பன அந்நான்கு. மூன்று இருந்து நான்காவது இல்லையெனில் வைத்தியம் முழுமையாகாது. இலண்டனில் முதல் மூன்றுக்கும் ஏற்பாடு உண்டு. சிகிச்சை இலவசம், உள்ளூர்க் கவுன்சில்களின் பொறுப்பில் நடக்கும் நிலையங்களுக்கு எவரும் நேரே செல்லலாம். அங்கு போனவரைப் பற்றி வீட்டாருக்கோ பொலிசாருக்கோ கதை போவதில்லை. நான்காவது பகுதி குடும்பத்தின் கையிலும் சமூகத்தின் கையிலும் இருக்கிறது.

அக்கடமை செய்வதற்கு அரியதன்று. மகன் மருந்து குடிப்பதை அறிந்த பெற்றோர் "எப்ப நிப்பாட்டப் போறாய்?" என்று கேட்பதை விட்டு, "இண்டைக்கு மருந்து எடுத்திட்டியா?" என்று கேட்பார்களாக. மருந்துக்குப் பூட்டுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுப்பார்களாக. நலொக்சோன் என்னும் மாற்று மருந்தை வீட்டில் வைத்திருப்பார்களாக. மிகை அளவினால் மூச்சு அடங்குபவரை அது நிமிடங்களில் மீட்கவல்லது. மூக்கில் விசிறும் வடிவிலும் உண்டு. போதைவஸ்துச் சிகிச்சை நிலையங்கள் சீட்டின்றியே இதனைக் கொடுக்க 2015இலிருந்து சட்டம் இடந்தருகிறது. அதன் வேகம் சிறிது நேரமே நிற்குமாதலால் உடனே 999க்கு அழைப்பதும் அவசியம். உதடு நீலமாகி, குறட்டைபோல் மூச்சிழுத்து, தட்டி எழுப்பியும் எழாதவரை "உறங்கட்டும்" என்று விட்டுவிடலாகாது.

சங்கங்களுக்கும் ஒரு பங்குண்டு. இரத்த தானத்துக்கும் நீரிழிவுப் பரிசோதனைக்கும் மண்டபம் திறக்கும் ஆலயங்கள், இந்த நோயைப் பற்றியும் ஒரு மாலை தமிழில் பேசத் தமிழ் வைத்தியர்களையும் மருந்தாளர்களையும் அழைக்கலாம். இச்சமூகத்தில் அவர்களுக்குக் குறைவில்லை. பிரசாதத்துக்கு வரிசையில் நிற்பவருள் எவர் வீட்டில் இந்த நோய் இருக்கிறது என்பது முகத்தில் எழுதியிருப்பதில்லை. அத்தகைய தாய் ஒருத்தி, "சனம் என்ன சொல்லுமோ" என்ற அச்சமின்றி இன்னொரு தாயிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய இடமாக ஆலய மண்டபம் அமையுமாயின், அதுவே பெரிய தொண்டு.

மருந்துக்கடையின் ஓரத்தில் நிற்பவர் அன்றைய நாளுக்குத் தம் உயிரைக் காத்துக்கொள்ள வந்தவர். கதிரைகளில் இருப்போரும் அதற்காகவே வந்தவர்கள். இவ்விருவருக்குமிடையே உள்ள வேறுபாடு மருந்தின் பெயர் ஒன்றே என்பதை அடியார்கள் சிந்திப்பார்களாக.